பேசாதவர்களின் பூனை

மகள் கயல் இறந்த பிறகு ஞானசுந்தரமும் மரகதமும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. அவள் வளர்த்த பூனைக்குச் சர்க்கரை நோய். அன்று காலை கணவர் இன்சுலின் ஊசி போட்டதை அறியாமல் மரகதமும் ஒன்று போட்டுவிட்டாள். சற்று நேரத்தில் பூனை கால்கள் துவண்டு விழுந்தது.

அதன் ஈறில் தேனைத் தடவியபடியே, “நீங்களும் போட்டீங்களா?” என்றாள்.

“போட்டேன்.”

“வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னா என்ன? இதையும் தூக்கிக் குடுக்கணுமா?”

அவர் தரையில் படுத்துப் பூனையின் காதருகே வாயை வைத்தார்.

“எந்திரிடா. கயல் அக்கா வந்துட்டா பாரு.”

பூனையின் காது அசைந்தது. கண்ணைத் திறக்காமலேயே தலையை வாசல் பக்கம் திருப்பியது. அவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.