ஆட்சேபம் தெரிவித்தவர் பெயர்

மேஜைமேல் ஓங்கி ஒரு தட்டு தட்டினான் ஜான்சன்.

"இந்தக்கா செத்துப்போச்சுன்னு எழுதிக் குடுத்தவன் எவன் மேடம்? கூப்பிடுங்க அவனை. மூஞ்சிய பாத்து நாலு வார்த்தை கேக்கணும்!"

வாக்காளர் பட்டியல் விசாரணை பள்ளிக்கூட வகுப்பறையில் நடந்தது. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் அவனும் கத்தினான். ஆம்பூரில் அந்த வார்டுக்குக் கட்சியின் கிளைச் செயலாளர் ஆயிற்றே.

பக்கத்தில் பர்தாவோடு நின்றாள் ஹலீமா பீ. ஷூ கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாகத் தையல் மிஷின். அரை நாள் லீவுக்கு சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். நேற்றுதான் தெரிந்தது, பட்டியலிலிருந்து அவளை 'இறந்தவர்' என்று நீக்கிவிட்டார்கள். பேர் இல்லாதவளை நாளைக்கு எந்த ஊர்க்காரி என்று கேட்பார்களாம். தெருவில் யாரோ சொன்னார்கள்.

விடிந்ததும் ஜான்சன் வீட்டுக்குத்தான் ஓடினாள். எத்தனை தேர்தல் வந்தாலும் அவன் முகத்துக்காகவே அவன் கட்சிக்குப் போட்டவள்.

அதிகாரி அம்மாளுக்குக் காலையிலிருந்து இதே கூத்து. ஒரு புது மனுவை எடுத்து வைத்தாள், அதை எழுதிக் கொடுத்தால் பேர் வந்துவிடும் என்றாள். பிறகு ஃபைலிலிருந்து ஹலீமா பீ பேரை நீக்கச் சொன்ன பழைய தாள் ஒன்றை உருவி ஜான்சன் முன்னால் தள்ளிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள்.

ஜான்சன் பார்த்தான்.

ஆட்சேபம் தெரிவித்தவர் என்ற இடத்தில் அவன் பெயர் இருந்தது. கீழே அவன் கையெழுத்து.

போன மாசம் கட்சி ஆபீசில், பிரியாணி முடிந்த கையோடு, மாவட்டத்து ஆள் கொண்டுவந்து வைத்த வெற்றுப் படிவங்கள். நூறு இருக்கும். எதற்கு என்று கேட்காமல் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டான். கேள்வி கேட்கிறவனுக்கு எந்தக் கட்சியில் பதவி கொடுத்தார்கள்? எந்தத் தெரு என்று பார்த்துப் பேர்களை அப்புறம் நிரப்பியிருக்கிறார்கள், பாவிகள்.

ஹலீமா பீ தாளைக் குனிந்து பார்த்தாள். அவள் படித்தது உருது பள்ளிக்கூடம். தமிழ் பேசுவாள், எழுத்து தெரியாது.

"யார் பேரு தம்பி போட்டிருக்குது?"

வரிசை மொத்தமும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறக்கிறோம் என்று ஜான்சனே நினைத்தான். வந்தது வேறு.

"முனீர் அகமதுன்னு போட்டிருக்குதுக்கா."

அந்தத் தெருவில் மற்ற கட்சிக்குக் கொடி பிடிக்கிற ஆள். சட்டென்று நாக்கில் வந்த பேர் அதுதான். அந்த முனீர் அகமதின் மகனுக்குத்தான் எட்டு மாசத்துக்கு முன்னால் ஹலீமா பீ தன் ஒரே பெண் இரமைக் கட்டிக் கொடுத்திருந்தாள். ஜான்சனுக்குத் தெரியாமல் என்ன? முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவன்.

ஹலீமா பீ செல்போனை எடுத்தாள்.

மகளிடம் உருதுவில் பேசினாள். அந்த அளவு உருது ஜான்சனுக்குப் புரியும். துணிமணியை எடுத்துக்கொண்டு உடனே வீட்டுக்கு வா, உன் மாமனார் என்னை உயிரோடு சாகடித்துவிட்டார் என்றாள்.

அந்தப் பக்கம் இரம் அழுதாள். மாமா அப்படிச் செய்யவே மாட்டார், யாரோ பொய் சொல்கிறார்கள் என்று அவள் கத்தியது வெளியே கேட்டது.

ஹலீமா பீ போனை ஜான்சனிடம் நீட்டினாள். புது மனு மேஜையிலேயே கிடந்தது.

அவன் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டான்.

"ஆமாம்மா. நானே கண்ணால பாத்தேன்."