காத்மாண்டு டிக்கெட்

“சுஃபியானுக்கு காத்மாண்டு டிக்கெட் போட்டாச்சு சார். ஞாயித்துக்கிழமை ஃபிளைட்.”

ஆபீஸ் நிர்வாகம் பார்க்கும் தனம் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஷ்யாம்சுந்தருக்கு வயிறு பற்றி எரிந்தது.

தாம்பரத்தில் இருந்த அந்தச் சின்ன கன்சல்டன்சி, நேபாளத்தில் எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு பூகம்ப அபாயம் என்று கணக்குப் போட்டு அனுப்பியிருந்தது. அதற்கு ஆதாரமே, இருநூறு வருஷமாக அங்கே வந்த பூகம்பங்களின் பட்டியல்தான். எட்டு மாசம் கண் பூத்துப்போக அதைத் தயாரித்தவன் ஷ்யாம். போன வருஷம் வேலைக்குச் சேர்ந்தவன் ஃபிளைட் ஏறுகிறானாம்!

மத்தியானம் இரும்புலியூரிலிருந்து மனைவி ரோஹிணி போன் செய்தாள்.

“இந்த வாரம் உங்க புரமோஷன் முடிவாகுதுன்னீங்களே, ஏதாவது தெரிஞ்சுதா?”

“அதையும் அவனுக்கே குடுத்துடுவாங்க” என்று கடுப்போடு கட் செய்தான்.

காபி மெஷின் பக்கத்தில் சுஃபியான் எதிர்ப்பட்டான்.

“என்னப்பா, பெரிய ஆளாயிட்ட! ஸ்வெட்டர் வாங்கியாச்சா?”

“அண்ணா... போயிட்டு வந்து பேசறேண்ணா.”

முகத்தைப் பார்க்காமலே நழுவினான். திருட்டு முழி அப்பட்டமாகத் தெரிந்தது.

ஷ்யாம் சீட்டுக்கு வந்து ரிப்போர்ட்டின் புதுப் பிரதியைத் திறந்தான். பட்டியலுக்குக் கீழே, ‘தயாரித்தவர்: சுஃபியான்’. ஷ்யாம்சுந்தர் என்ற பெயர் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் இல்லை.

நேரே டைரக்டர் அபிதகுஜாம்பாளின் அறைக்குள் நுழைந்தான். கதவைத் தட்டக்கூட இல்லை.

“மேடம், இது பகல் கொள்ளை! அந்தப் பட்டியல்ல ஒரு எழுத்துகூட சுஃபியான் போடல. முழுக்க முழுக்க நான் செஞ்சது.”

“நிச்சயமா?”

“என் பொண்ணு மேல சத்தியமா மேடம். அவன் அந்த ஃபைலைத் தொட்டதுகூட இல்ல!”

மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

“நேபாளத்துல வருஷக் கணக்கு வேற, தெரியுமில்ல? நம்ம 1916, அவங்களுக்கு 1973.”

“தெரியும் மேடம்...”

“அவங்க பழைய பதிவுல இருந்த வருஷத்தை மாத்தாம அப்படியே ஏத்தியிருக்கு. ஒரே பூகம்பம் நம்ம வருஷத்துல ஒரு தடவை, அவங்க வருஷத்துல இன்னொரு தடவை. வராத பூகம்பம் பதினொண்ணு! ஒரு மாவட்டத்துக்கே அபாயம் தப்பா ஏறிப்போச்சு. காத்மாண்டுல கொதிச்சுப்போய் இருக்காங்க. பட்டியல் போட்டவரே நேர்ல வந்து பதில் சொல்லணுமாம். டிக்கெட் அதுக்குத்தான்.”

ஷ்யாம் குரலைத் தாழ்த்தினான்.

“மேடம்... நான் ஒருத்தனே செஞ்சேன்னு சொல்ல முடியாது. சுஃபியானும் கூட இருந்தான்.”

மேடம் மேஜை மேலிருந்த கடிதத்தை அவன் பக்கம் திருப்பினார்.

“அவர் அப்படி எழுதலையே. ‘தப்பு முழுக்க என்னுடையது. ஷ்யாம் அண்ணாவுக்குச் சம்பந்தமே இல்லை. அவருக்குப் புரமோஷன் வரும் நேரம், பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிடுங்கள்’னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கார்.”