மூணு வருஷம் கழிச்சு வாங்க

“இனிமே மூணு வருஷம் கழிச்சு வந்தாப் போதும்” என்றார் டாக்டர், போன வாரம் தொண்டை வழியே குழாய் விட்டு எடுத்த பரிசோதனையின் முடிவைப் படித்துவிட்டு.

எதிரே இருந்தவர் லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்த வார்த்தையைக் கேட்டால் மற்றவர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். இவர் முகம் வாடிப்போனது.

வயிற்று அமிலம் வருடக்கணக்கில் மேலேறி மேலேறி, அவருடைய உணவுக்குழாயின் அடிப்பகுதியில் உட்தோலே மாறிப்போயிருந்தது. பாரெட் உணவுக்குழாய் என்று அதற்குப் பெயர். புற்றுநோயாக மாறக்கூடும் என்று கேட்ட நாளிலிருந்து மனிதர் சொன்னபடி நடந்தார். காபியை விட்டார். கட்டிலின் தலைமாட்டை உயர்த்தினார். இருட்டுவதற்குள் சாப்பிட்டு, ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சாப்பிட்டது கீழே இறங்கும்வரை டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார். இருமினால் தன் இருமலே திரும்பிக் கேட்கும் வீடு.

“வருஷா வருஷமே பார்த்துடலாமே டாக்டர்.”

தேவையில்லை என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். செல்களில் கெட்ட மாற்றம் எதுவும் தெரியவில்லை. இவரைப் போல ஆயிரம் பேர் இருந்தால், ஒரு வருடத்தில் இரண்டு மூன்று பேருக்குத்தான் புற்றுநோய் வரும். மாத்திரையை நிறுத்தக் கூடாது. விழுங்கும்போது அடைத்தாலோ, உடம்பு இளைத்தாலோ மட்டும் உடனே வர வேண்டும்.

“நல்லா ஓடற லிஃப்டையே வருஷத்துக்கு ஒருதரம் திறந்து பார்ப்போம் டாக்டர்.”

டாக்டர் சிரித்துவிட்டார். “லிஃப்டுக்குத் தொண்டை வலிக்காது. பயத்தை விட்டுட்டு நிம்மதியா இருங்க.”

தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தவர், நடைபாதையில் காலியாக இருந்த நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். வருகிறவர்களும் போகிறவர்களும் ஜோடி ஜோடியாகத் தெரிந்தார்கள். பிறகு, வெளியூரில் வேலை பார்க்கும் மகளுக்குப் போன் செய்தார். எடுத்ததுமே, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள்.

“அடுத்த வருஷமும் குழாய் விட்டுப் பார்க்கணுமாம்மா. மயக்க ஊசி போடறதால, கூட ஒருத்தர் வந்தே ஆகணுமாம்.”

மகளின் குரல் தணிந்தது. கவலைப்பட வேண்டாம், போன வாரம் வந்த மாதிரியே இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வந்துவிடுவதாகச் சொன்னாள்.

“இன்னும் ஒரு நாள் சேர்த்தே போட்டுக்கம்மா” என்றார்.