சொல்லிவிட்டு ஊற்றுங்கள்

அவர் ஊற்றிவிட்டார்.

முற்றத்து ஜலதாரையின் பித்தளைச் சல்லடை மேல் ஆவி எழுந்தது. கொதிகஞ்சி வெள்ளையாக வழிந்து உள்ளே இறங்கியது.

அவர் மனைவி குக்கர் மூடியோடு நின்றாள்.

"சொல்லிட்டு ஊத்தணும்னு அந்தம்மா சொன்னாங்கள்லா?"

"யாருட்ட சொல்லணும்? ஃபெஸ் முனிசிபாலிட்டி கமிஷனர்ட்டயா?"

சிரித்தார். கடைசி வரிசை வரை கேட்கிற சிரிப்பு. முற்றத்தில் வரிசையே இல்லை என்பது அதற்குத் தெரியாது.

மொராக்கோவில், ஃபெஸ்ஸின் பழைய நகரத்தில் ஒரு பழைய வீடு. இப்போது விருந்தினர் இல்லம். தெருப்பக்கம் ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. எல்லா ஜன்னல்களும் உள்ளே, முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

கட்டிலில் ரோஜா இதழ் தூவி வைத்திருந்தார்கள்.

"நமக்கு எங்க போனாலும் மரியாதைதாம்ட்டி" என்றார் அவர். ஊரில் தெருவெல்லாம் இதழ் தூவிக்கொண்டே போகிற இன்னொரு சந்தர்ப்பம் அவளுக்கு ஞாபகம் வந்தது.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் லல்லா ஸுஹூர், வைஃபை பாஸ்வேர்டுக்கு முன்னால் அதைத்தான் சொன்னாள். உடைந்த ஆங்கிலத்தில், கதவருகே நின்று.

"கொதிக்கிற தண்ணீரைச் சும்மா ஊற்றாதீர்கள். ஆண்டவன் பேரைச் சொல்லிவிட்டு ஊற்றுங்கள். கீழே கண்ணுக்குத் தெரியாமல் இருப்பவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள்."

அவர், மேடைகளின் வாக்குப் பேரொளி குற்றாலிங்கம், அதற்கு ஒரு சிற்றுரை ஆற்றினார். மூடநம்பிக்கை பற்றி அவர் இரண்டு அணியிலும் பேசியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை பாரிஸில் பட்டிமன்றம்; அதற்கு முன் அமைப்பாளர்கள் செலவில் இங்கே ஊர் பார்ப்பு. குடும்பம் சிறக்கக் காரணம் கணவனா, மனைவியா. அவர்தான் நடுவர். எப்போதும் மனைவி என்றுதான் தீர்ப்பு. கைதட்டல் அதற்குத்தான். அந்தக் குரலுக்காகத்தான் விமானம், விடுதி, ரோஜா இதழ், எல்லாம்.

இந்த ஊர்ச் சாப்பாடு அவருக்குச் சேரவில்லை. சர்க்கரை வேறு. வடித்த சோறுதான் வேண்டும். பெட்டியில் பொன்னி அரிசி கடல் தாண்டி வந்திருந்தது.

ஸுஹூர் கடைக்குப் போயிருந்தாள். வரட்டும், என்ன சொல்லி ஊற்றுவது என்று கேட்டுக்கொள்ளலாம் என அவள் காத்திருந்தாள். சோறு குழைந்துவிடும் என்று அவர் குக்கரைப் பிடுங்கினார்.

அவ்வளவுதான்.

மாடி அறையில் தட்டின் முன் உட்கார்ந்தார். ஊறுகாய் கேட்க வாயைத் திறந்தார்.

வாய் திறந்தது.

வேறொன்றும் நடக்கவில்லை.

தண்ணீர் குடித்தார். கனைத்தார். கனைப்புக்கும் சத்தமில்லை. கரண்டியால் தட்டை அடித்தார். அது கேட்டது.

அவள் முதுகைத் தடவினாள். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொடுத்தாள். கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். தொண்டை அசைந்தது, நரம்பு புடைத்தது. இருபுறமும் ஒலிபெருக்கி வைத்துப் பழகிய தொண்டை.

அப்போது கீழேயிருந்து கேட்டது.

"பெரியோர்களே."

இடைவெளி.

"தாய்மார்களே."

அவருடைய குரல். புதுச் செருப்பைப் போட்டு நடந்து பார்ப்பதுபோல, மெல்ல. ஒரு சொல்லை வைத்து, திரும்ப எடுத்து, இன்னொரு முறை வைத்தது.

இரண்டாவது முறை அவரைவிட நன்றாக இருந்தது.

அவர் மாடிக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு முற்றத்தை எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. சல்லடை மட்டும். அதன் மேல் ஒரு பருக்கை.

ஸுஹூர் வந்தாள். நிலைப்படியிலேயே நின்று கேட்டாள். புதினாக் கட்டைக் கீழே வைத்தாள்.

"யார் மேல் பட்டதோ" என்றாள்.

அவர் அவசரமாகக் கைகளை ஆட்டி விளக்கினார். ஸுஹூர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சமையலறைக்குப் போய் ஒரு கிண்ணம் இளஞ்சூட்டுப் பாலோடு வந்து, இறங்கி வந்த மனைவியிடம் நீட்டினாள்.

"மெல்ல ஊற்று. மன்னிப்புக் கேள். அவரால் கேட்க முடியாது, உன்னால் முடியும். வெயில் சுவரை விட்டுப் போவதற்குள் கேட்டுவிடு. குரல் பழகிவிட்டால் தரமாட்டார்கள்."

சமையலறைக் கதவு சாத்திக்கொண்டது.

அவள் சல்லடை அருகே குந்தினாள். கஞ்சி வாசம். அதற்கும் அடியில், தீய்ந்த முடியின் வாசம்.

மேலே அவர் கைகூப்பி நின்றார். மேடையில் கூப்புகிற அதே கை. இந்தத் தடவை கூட்டத்தைப் பார்த்து அல்ல.

அவள் கிண்ணத்தைச் சாய்க்கப்போனாள்.

கீழே பேச்சு நின்றது.

யாரோ அண்ணாந்து பார்ப்பதுபோல் இருந்தது.

"சாப்பிட்டியா?"

அவள் கை அப்படியே நின்றது. அந்தக் குரலில் அந்தக் கேள்வியை அவள் கேட்டதே இல்லை. ஒரு கணம், வேறு யாரோ என்றுதான் நினைத்தாள்.

மேலே கைப்பிடி குலுங்கியது. அவர் காலால் தரையை உதைத்தார். இன்னும் உதைத்தார்.

சுவரின் உச்சியில் வெயில் ஒரு விரல் அகலம் இருந்தது.

"இன்னும் இல்ல" என்றாள்.

கிண்ணத்தை நிமிர்த்தினாள். உதட்டுக்குக் கொண்டுபோனாள்.

"ஆத்திக் குடி" என்றது கீழே. "சுட்டுரப் போவுது."

அவள் ஊதி ஊதிக் குடித்தாள்.