விலை மட்டும் வரவில்லை

"கலர் வருது, சைஸ் வருது. விலை மட்டும் வர மாட்டேங்குதுக்கா."

வேலை கேட்டு வந்திருந்த ஜெபராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கம்ப்யூட்டர் திரையில் சட்டையின் விலை தெரிய வேண்டிய இடத்தில், மறுபடியும் 'அன்டிஃபைன்ட்' என்று வந்து நின்றது.

ஜெயப்ரியா நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். தாம்பரம் மேற்கில், துணிக்கடைகளுக்கு வெப்சைட் செய்து தரும் அந்தச் சின்ன ஆபீசில் ஜாவாஸ்கிரிப்டில் புரோகிராம் எழுதத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"பொறுமையாப் பாரு. சட்டைன்னு ஒரு ஆப்ஜெக்ட். அதுக்குள்ள கலர், சைஸ், பிரைஸ்னு மூணு விவரம். முதல்ல சட்டை, ஒரு டாட், அப்புறம் விவரத்தோட பேரு. இல்லாத பேரைக் கேட்டா அன்டிஃபைன்ட்னு சொல்லிடும்."

"அப்படித்தான்க்கா அடிச்சிருக்கேன். டேட்டா ஃபைலை ஒரு தடவை திறந்து பார்க்கட்டுமா?"

"அதை நான் பார்த்துட்டேன். உன் புரோகிராம்லதான் எங்கியோ தப்பு."

அவன் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து அடித்தான். வரவில்லை.

ஒரு சட்டை விலைக்காக ஓர் ஆண்பிள்ளை இப்படி உடைந்து போவானா என்று கேட்கலாம். கூடுவாஞ்சேரியிலிருந்து தினமும் ரயிலேறி, கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கியவனுக்குத்தான் அந்த வலி தெரியும்.

"சாயங்காலத்துக்குள்ள இதை முடிக்கலைன்னா வேலை இல்லைன்னுட்டாரு சார். என் வொய்ஃப் பிளஸ்ஸிக்கு இது ஒன்பதாம் மாசம். வேலை கிடைச்சிடும்னு சொல்லிட்டு வந்திருக்கேன்க்கா."

"அழாத. இன்னொரு வாட்டி அடி."

அடித்தான். அதுவும் வரவில்லை.

முதலாளி தோத்தாத்ரி வந்து நின்றபடியே திரையைப் பார்த்தார். "இதுகூட வரலைன்னா எப்படி தம்பி? மார்க்கெட் இருக்கிற நிலைமையில உட்கார வெச்சு சொல்லிக்குடுக்க என்னால முடியாது. கிளம்புங்க."

ஜெபராஜ் டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்தான். வாசல்வரை போய்த் திரும்பினான். "என் மண்டையிலதான் ஏறலை. நீங்க ஒருத்தர்தான் திட்டாம சொல்லிக்குடுத்தீங்க. தேங்க்ஸ்க்கா."

ஜெயப்ரியாவால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"குறைஞ்ச சம்பளத்துக்கு ஆள் கிடைச்சான்னு பார்த்தேன்" என்றார் தோத்தாத்ரி. "இவன் தேறினா உங்களை இந்த மாசத்தோட வேலையை விட்டு நிறுத்திடறேன்னு சொன்னேன் இல்லையா? அதை மறந்துடுங்க. வேலையை நீங்களே பாருங்க."

அவர் உள்ளே போனதும் ஜெயப்ரியா டேட்டா ஃபைலைத் திறந்தாள். மத்தியானம் ஜெபராஜ் சாப்பிடப் போனபோது தானே 'ரேட்' என்று மாற்றி வைத்த பெயரை, பழையபடி 'பிரைஸ்' என்று திருத்தினாள்.