மலைப்பக்கச் சுவர்

2019 ஏப்ரல் 11, வியாழக்கிழமை. கிர்கிஸ்தானின் தெற்கே, அக்-தெக்ஷே என்ற மலைக் கிராமத்தில், பதினான்காம் எண் வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்த ஜிப்சம் பட்டை இரண்டாகப் பிளந்தது.

சுவர் விரிசலின் குறுக்கே அதைப் போன வருடம் ஒட்டிவிட்டுப் போனவர் பேரிடர் அலுவலக அதிகாரி. மேலே தேதியும் கையெழுத்தும் போட்டிருந்தார். பட்டை முழுதாக இருக்கும்வரை பயமில்லை, உடைந்தால் மலை நகர்கிறது என்று அர்த்தம்.

வீட்டுக்காரன் ஷெர்மாமத் உளியை எடுத்து அதைப் பெயர்க்க ஆரம்பித்தான்.

"அதுல கையெழுத்து இருக்கு, ஆய்ஜான் அப்பா," என்றாள் அவன் மனைவி அனாரா. "தொட்டா கேள்வி வரும்."

"வரட்டும். மலை வர்றதுக்கு முன்னாடி வந்தா சரி."

பனி உருகத் தொடங்கிவிட்டது. போன வசந்தத்தில் பக்கத்து வீட்டுக் கொட்டகை மாடுகளோடு சரிந்து போனது. ஒன்பது வயது மகள் ஆய்ஜான் மூன்று வாரமாக பூட்ஸைக் கழற்றாமல்தான் தூங்குகிறாள்.

வீட்டை விற்றால்தான் கீழே சமவெளியில் ஒரு அறையாவது பிடிக்க முடியும். ஆனால் இரண்டு வருடத்தில் பார்க்க வந்த ஐந்து பேரும், விரிசலைக் கண்டதும் தேநீரைக்கூட முடிக்காமல் எழுந்து போய்விட்டார்கள்.

ஆறாவது ஆள் ஞாயிற்றுக்கிழமை வருகிறான். பெயர் கப்பார். வட்டார அலுவலகத்தில் கார் ஓட்டுபவன். போனில் அவன் விசாரித்தது ஒன்றைத்தான்.

"மலைப்பக்கச் சுவர் எப்படிண்ணே? ஆபீஸ்காரங்க பட்டை எதுவும் ஒட்டியிருக்காங்களா?"

"பட்டையா, நம்ம வீட்டுலயா? சுவர் கல்லு மாதிரி நிக்குது தம்பி."

"அப்படியா?" என்று இழுத்தான் கப்பார். பிறகு, "சரி, நேர்ல பார்த்துக்கறேன். பத்திரம் மட்டும் இந்த மாசத்துக்குள்ள முடிஞ்சாகணும்," என்று வைத்துவிட்டான்.

அனாராவுக்கு மனம் ஒப்பவில்லை. "விரிசலைப் பூச வேணாங்க. அவனுக்கும் பிள்ளைங்க இருக்கும். மறைச்சு வித்துட்டு, நாளைக்கு அதுங்க மேல விழுந்துச்சுன்னா?"

"விக்காம இருந்தா நம்ம பொண்ணு மேல விழும். யார் மேல விழணும்னு நீயே சொல்லு."

அனாரா எழுந்து போய் வைக்கோலை நறுக்கிக் களிமண்ணில் கொட்டி மிதிக்கத் தொடங்கினாள்.

பெயர்த்த பட்டையை ஷெர்மாமத் சுத்தியலால் பொடியாக்கி அதே மண்ணில் கலந்தான். வெளியே போட்டால் யார் கண்ணிலாவது படும். இரண்டு நாள் அடுப்பை அணையவிடாமல் எரித்துப் பூச்சைக் காயவைத்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் சுண்ணாம்பும் அடித்தாயிற்று.

ஞாயிறன்று வந்த கப்பார் தோட்டத்தைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்க்கவில்லை. நேராக மலைப்பக்கச் சுவரிடம் போனான். தட்டினான், உள்ளங்கையால் தடவினான். அவன் முகம் வாடிவிட்டது.

"விரிசல் எங்கண்ணே?"

"விரிசலா? அதான் போன்லயே சொன்னேனே..."

"விக்கிற எல்லாரும் இல்லேன்னுதான் சொல்வாங்க. அதனால நான் நம்பல. விளையாடாம சொல்லுங்க, பட்டை எங்க?"

ஷெர்மாமத் வாயைத் திறப்பதற்குள் அனாரா முந்திக்கொண்டாள். "நாங்கதான் பூசி மறைச்சோம் தம்பி. பட்டை உடைஞ்சிடுச்சு. பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு இங்க குடிவராதீங்க."

"யாரு அண்ணி குடிவரப் போறா?" கப்பார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "பட்டை உடைஞ்ச வீட்டுக்காரங்களுக்கெல்லாம் சமவெளியில புது வீடு தரப்போறாங்க. பின் சீட்டுல பெரிய ஆபீசருங்க பேசிக்கிட்டு வந்ததை என் காதால கேட்டேன். மே மாசம் கணக்கெடுக்க வர்றாங்க. அதுக்குள்ள என் பேருக்கு மாத்திக்கலாம்னுதானே ஓடி வந்தேன்!"

அனாரா கணவனைப் பார்த்தாள். கணவன் சுவரைப் பார்த்தான்.

"உடைஞ்ச துண்டையாவது குடுங்கண்ணே, திரும்ப ஒட்டிப் பார்ப்போம்."

"உள்ள இருக்கு," என்றான் ஷெர்மாமத்.

"அப்ப போய் எடுத்துட்டு வாங்க."

"சுவருக்குள்ள இருக்கு."

கப்பார் எழுந்தான். அந்தக் கோபத்திலும், ரொட்டியைச் சுவைக்காமல் விருந்தாளி கிளம்பக்கூடாது என்ற ஊர் வழக்கத்தை விடாமல், விரிப்பில் வைத்திருந்த ரொட்டியில் ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டுக்கொண்டுதான் வாசலைத் தாண்டினான்.

அடுத்த வாரம் புது வீட்டுச் செய்தி ஊருக்குள் வந்துவிட்டது. பட்டை இல்லாதவர்கள் கடப்பாரையால் தங்கள் சுவரைத் தாங்களே பிளந்தார்கள். ஷெர்மாமத்தும் பூச்சைச் சுரண்டி விரிசலை வெளியே கொண்டுவந்தான்.

மே மூன்றாம் தேதி குழு வந்தது. அனாரா நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். தலைவர் கடைசிவரை கேட்டார்.

"பட்டை ஒட்டினது எங்க பதிவேட்டுல இருக்கும்மா. அது உடைஞ்சதுக்கு என்ன அத்தாட்சி? கடப்பாரை விரிசலை ஊர் முழுக்கப் பார்த்துட்டுத்தான் வர்றோம்."

பிறகு பேனாவைத் திறந்து, பதினான்காம் எண்ணுக்கு எதிரே எழுதினார்: சேதம் இல்லை.