கத்தி படாத முடி

கண்டக்டர் குமரகுருவின் அக்குள் முடியெங்கும் மஞ்சள் மணி கோத்தாற்போல் ஏதோ ஒட்டியிருந்தது. பஸ்ஸில் அவன் மேல்கம்பியைப் பிடித்தால், கீழே உட்கார்ந்திருப்பவர்கள் மூக்கைப் பொத்தினார்கள்.

"பாக்டீரியா. முடியை மழிச்சிட்டு, தினமும் சோப்பு போட்டுக் கழுவி இந்த லோஷனைத் தடவுங்க," என்றார் டாக்டர்.

மழிப்பதுதான் முடியாத காரியம். மனைவி பொற்கொடிக்கு ஏழாம் மாதம். பிள்ளைத்தாய்ச்சியின் புருஷன் முடியில் கத்தி வைக்கக்கூடாது. போன முறை அவன் தலைமுடி வெட்டிக்கொண்ட மறுநாள்தான் கரு கலைந்தது. அதை இருவரும் மறக்கவில்லை.

லோஷனை மட்டும் தடவினான். நாற்றம் போகவில்லை. அவன் பக்கத்தில் வந்தாலே அவளுக்கு வாந்தி. எடை குறைந்துவிட்டது என்று நர்ஸ் திட்டினாள்.

ஞாயிறு காலை குளியலறையில் ரேஸரை எடுப்பதும் வைப்பதுமாக நின்றான். பொற்கொடி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"குடுங்க. புருஷன் வைக்கக்கூடாதுன்னுதானே சொன்னாங்க? பொண்டாட்டி வைக்கலாம்."

"அதெல்லாம் செல்லாதுடி."

"யாரு செக்கிங் வரப்போறா? கையத் தூக்குங்க."

ஒரே இழுப்பு. மஞ்சள் மணிகளோடு முடி தரையில் விழுந்தது. அவள் ரேஸரை அப்படியே நிறுத்தி, மறு கையை வயிற்றில் வைத்தாள்.

"என்னாச்சு?"

"பேசாதீங்க. அசையுதான்னு பாக்குறேன்."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. தூக்கிய கையை இறக்காமலே, மறு கையால் அதை இறுக்கி மூடினான்.